அடுப்பெரியாத தெரு

தெருக்கோடி வீட்டுச் சிங்காரவேலு செத்துப்போன சேதி வந்தபோது அஞ்சுகம் நண்டுக்கூடையின் மேல் ஈரச்சாக்கைப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். 'ஐயோ அண்ணே' என்று அலறிக்கொண்டுதான் ஓடினாள், அதில் ஒரு பொட்டுப் பொய் கிடையாது. பாதித் தெருவைத் தாண்டும்போதுதான் அன்றைக்குப் புதன்கிழமை என்பது உறைத்தது. அடப்பாவி மனுஷா, ஒருநாள் பொறுத்துப் போயிருக்கக் கூடாதா என்று அழுகைக்கு நடுவிலேயே மனசு கேட்டது.

புதன்கிழமை மத்தியானம் அவள் வீட்டில் விருந்து. ரெயூனியன் தீவிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வருகிறார்கள். அவர்களுடைய பூட்டன்மார் காரைக்காலில் கப்பலேறி அங்கே கரும்பு வெட்டப் போனவர்கள். ஓட்டல் சாப்பாடு வேண்டாம், கடலுக்குப் போகிறவர்கள் தெருவில், ஒரு வீட்டில் இலைபோட்டுச் சாப்பிட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அழைத்து வருகிற சிவநாதன் டவுனில் டிராவல்ஸ் வைத்திருப்பவன். இவர்களுக்குப் பிடித்துப்போனால் இனி வருகிற தீவுக்காரர்களையெல்லாம் இங்கேயே கூட்டி வருவேன், சொதப்பினால் கிளிஞ்சல்மேட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டிருந்தான். அஞ்சுகமோ புருஷன் இல்லாதவள். மீன்கூடையைத் தலையில் வைத்து ஊர் ஊராகச் சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்து போயிருந்தது. இனிமேல் தலையில் ஒரு செம்புகூட வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த விருந்துதான் அவளுக்கு இருந்த ஒரே வழி.

ஆனால் பிணம் கிடக்கிற தெருவில் அடுப்பெரியாது. எடுத்து, குளித்து, வாசல் கழுவின பிறகுதான் நெருப்பு. யார் வீட்டு விருந்தானாலும் இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. தெரியாமல் கேஸைப் பற்றவைக்கலாம்தான். நண்டுக்குழம்பு கொதிக்கிற வாசம் எந்த வீட்டுக் கதவுக்குள் அடங்கியிருக்கும்?

கண்ணாடி மூடி போட்ட ஐஸ்பெட்டிக்குள் சிங்காரவேலுவைக் கிடத்தியிருந்தார்கள். அஞ்சுகம் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். அழுகிற அழுகையில் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் கண்ணில் பட்டது. பட்டதுதான், அப்புறம் கண் அங்கேயே போய்ப் போய் நின்றது. எழுந்து வீட்டுக்கு ஓடினாள், நண்டு உயிரோடிருக்கிறதா என்று பார்த்தாள், இறால் மேல் ஐஸைக் கொட்டினாள், வெங்காயத்தை உரித்தாள். மறுபடி வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். எப்போ எடுப்பீங்க என்று செத்தவரின் மகன் ராஜாவிடம் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டாள். ராஜா கள்ளங்கபடம் தெரியாத பிள்ளை. அத்தைக்குத் தாங்க முடியவில்லை என்று நினைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

சென்னையில் நர்ஸ் வேலை பார்க்கிற தங்கச்சிக்காகத்தான் காத்திருக்கிறோம் என்றான். ராஜா பேசுகிற நிலையில் இல்லாததால் வினோதினி அஞ்சுகத்துக்குத்தான் போன் செய்துகொண்டிருந்தாள். பதினொரு மணி வாக்கில் கடைசியாகப் பேசினாள்.

"அத்தை, சீர்காழி தாண்டிட்டேன். அப்பா முகத்த ஒரு தடவ பாத்துடுறேன். அதுவரைக்கும் எடுக்க விட்டுடாதீங்க."

"வா தாயி, வா," என்றாள் அஞ்சுகம். சொல்லும்போது மனசார‌த்தான் சொன்னாள்.

போனை வைத்ததும் சிவநாதன் கூப்பிட்டான். வேன் திருநள்ளாற்றுக் கோயில் வாசலில் நிற்கிறதாம், ஒன்றரைக்கு இலை போட்டுவிட வேண்டுமாம், முடியாதென்றால் இப்போதே சொல்லிவிட வேண்டுமாம், நாகூரில் வேறு வீடு பார்த்துக்கொள்வானாம். முடியும் தம்பி, வாங்க என்று அவள் வாய் சொல்லிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஊர்ப் பெரியவர்கள் கூடி நின்றார்கள். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் எடுக்கவில்லை என்றால் ஒன்றரைக்கு மேல்தான். பொண்ணு எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று ஒருவர் அஞ்சுகத்திடம் கேட்டார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் கடலூரே தாண்டலையாம். எடுத்துடுங்க, காக்க வைக்க வேணாம்னு அதுவே சொல்லிட்டு அழுவுது."

ராஜா எதையும் கேட்கிற நிலையில் இல்லை. எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் அஞ்சுகத்துக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கை முளைத்ததோ. தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஈரக்கூந்தலோடு இரண்டு அடுப்பையும் பற்றவைத்தாள். நண்டு கொதித்தது, வஞ்சிரம் பொரிந்தது, இறால் வதங்கியது. கை பாட்டுக்கு வேலை செய்ய, காது மட்டும் வாசலில் ஏதாவது கார் வந்து நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. வந்து நின்றது வேன்தான். தீவுக்காரர்கள் அவள் வீட்டு முன்கொட்டகையில் உட்கார்ந்து, காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். ஒரு அம்மாள் நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு என்னவோ சொன்னாள். சிவநாதன் முகமெல்லாம் பல்லாக அடுப்படிக்கு வந்தான்.

"அக்கா, ஜெயிச்சுட்டீங்க. அடுத்த குரூப்பும் இங்கதான்."

சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? தீய்ந்துவிடும் என்று மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். பின்வாசலில் வினோதினி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு மாலை இருந்தது. வழியில் வாங்கியது, இன்னும் வாடவில்லை.

உள்ளே வந்து, வெங்காயத்தோல் கிடந்த தரையிலேயே உட்கார்ந்தாள். சுடுகாட்டுக்கு ஓடியும் பார்த்துவிட்டாளாம். அதற்குள் நெருப்பு வைத்துவிட்டார்களாம். தண்ணீர் கேட்டாள். சாப்பிட ஏதாவது கொடுக்கலாம் என்றால் தீட்டு வீட்டுப் பெண்ணுக்கு மீனைக் கொடுக்க முடியாது, அஞ்சுகத்தின் வீட்டில் அன்றைக்கு மீன் படாத பாத்திரம் ஒன்றுகூட இல்லை. டம்ளரைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் கொடுத்தாள். கொட்டகையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"நீங்க சொல்லியும் கேக்கலையா அத்தை இவனுங்க?"

அஞ்சுகம் அடுப்பை அணைத்தாள். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெண் அதையும் துக்கமென்றே எடுத்துக்கொண்டு அவள் முழங்காலைத் தடவிக் கொடுத்தாள்.

"விடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க. காலையிலேருந்து தலைமாட்டுலயே உக்காந்திருந்தீங்கன்னு அண்ணன் சொன்னுச்சு." மாலையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லுங்கத்தை. அப்பா முகம் எப்படி இருந்துச்சு?"

அஞ்சுகம் நினைத்து நினைத்துப் பார்த்தாள். மணி என்ன என்பதுதான் ஞாபகம் வந்தது. முகத்தை அவள் பார்க்கவே இல்லை.