பதினைந்து பெயர்கள்

கார் கம்பெனியைக் கைதூக்கிவிட அரசாங்கம் நானூறு கோடி கொடுத்தது. மன்னார்புரத்தில் மேடை போட்டு மந்திரி அறிவித்தார், பட்டாசு வெடித்தார்கள். கூடவே வந்த நிபந்தனையை மட்டும் மேடையில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அந்தக் கார்களுக்குக் கதவு அடித்துக் கொடுக்கும் அரியமங்கலம் தொழிற்சாலையில் தொண்ணூறு பேரில் இனி முப்பது பேர்தான் இருக்கலாம்.

முப்பதில் பாதியை நிர்வாகம் பொறுக்கி எடுக்கும். மீதிப் பதினைந்து பெயரை யூனியன் எழுதித் தரலாம் என்று முடிவானது. யூனியன் செயலாளர் சேக் மைதீன். நிதி வரவேண்டும் என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் பதினோரு நாள் பட்டினி கிடந்தவர். பட்டியலை எழுதி, கவரில் போட்டு ஒட்டி, மேனேஜர் கையிலேயே கொடுத்துவிட்டார். யார் யார் பெயர் என்று யார் கேட்டும் சொல்லவில்லை. சொன்னால் அடிதடி ஆகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

பிரஸ் மெஷினில் பத்தொன்பது வருடம் நின்ற அமிர்தராஜுக்கு அந்த மௌனம் சந்தேகத்தைக் கிளப்பியது. மைதீன் பாயோடு தினமும் சோற்றைப் பங்கு போட்டுத் தின்ற ஆள்தான், இருந்தும் நம்பவில்லை. மகள் நர்சிங் இரண்டாம் வருடம். ஐம்பது வயதுக்காரனுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? ஸ்ரீரங்கத்துக்குப் போய், ஆளும் கட்சிப் பகுதிச் செயலாளர் சின்னையாவைப் பார்த்தான்.

சின்னையா பல்லைக் குத்திக்கொண்டே பேசினார்.

"நிதி வாங்கிக் கொடுத்தது நாங்க. ஆனா மைதீன் பட்டினி கிடந்து வாங்கினான்னுதான் ஊர்ல பேசுறாங்க. தேர்தல் வருதுங்க."

"நான் என்னங்க பண்ணணும்?"

"ஒரு பேருக்கு இருபதாயிரம் வாங்கிட்டுத்தான் மைதீன் பட்டியல்ல சேர்த்தான்னு மேனேஜருக்குப் புகார் எழுதிக் கொடுங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பு."

அடுத்தவன் காசில் ஒரு டீ குடிக்காத மனுஷன் மைதீன். அது அமிர்தராஜுக்குத் தெரியும், தெரிந்தேதான் எழுதினான். திருத்தமாகக் கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் போட்டான். திரும்பும் வழியில் மகளுக்கு ஃபோன் செய்து, ஃபீஸ் பற்றிக் கவலைப்படாதே என்றான்.

திங்கட்கிழமை தொழிற்சாலை கேட்டில் பட்டியல் ஒட்டினார்கள். அமிர்தராஜ் மூன்று தடவை படித்தான். அவன் பெயர் இல்லை. சின்னையாவுக்கு ஃபோன் போட்டான்.

"நீங்க எழுதினது கொஞ்சம் பலமாவே வேலை செஞ்சிடுச்சுங்க. காசு கொடுத்து ஏறின பேரெல்லாம் செல்லாதுன்னு மேனேஜர் பதினஞ்சையும் அடிச்சிட்டார். அந்த இடத்துல நம்ம பசங்களைப் போட்டிருக்கோம்."

"என் பேரு என்னங்க ஆச்சு?"

"அந்தப் பதினஞ்சுல முதல் பேரே உங்களுதுதாங்க. எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த தடவை பார்ப்போம்." ஃபோனை வைத்துவிட்டார்.

கேட்டுக்கு வெளியே மைதீன் நின்றிருந்தார். பட்டினியில் ஒட்டிப்போன கன்னம் இன்னும் தேறவில்லை. மேனேஜரிடம் கேட்டு வாங்கிய புகார் நகல் கையில் இருந்தது.

"பாய்..."

"என் பேரை நான் எழுதிக்கல, அமிர்தம். உன் பேரைத்தான் முதல்ல எழுதினேன். பொண்ணு படிக்குதேன்னு." நகலை மடித்து அமிர்தராஜின் சட்டைப் பையில் வைத்தார். "எவனோ பொய்யா எழுதிக் கொடுத்துட்டான்னு மட்டும்தான் மத்த பதினாலு பேருக்கும் தெரியும். எவன்னு நான் சொல்ல மாட்டேன். நீயே போய்ச் சொல்லிடு."

பதினான்கு பேரும் எதிரே லாரி ஷெட் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். போன வருடம் புருஷனைப் பறிகொடுத்த டெல்பின் நகர்ந்து இடம் விட்டாள்.

"வெயில்ல நிக்காதீங்கண்ணே, வாங்க. உங்க பேரும் போச்சாமே. எந்தப் பாவி எழுதினான்னு ஏதாவது தெரிஞ்சுதா?"

அமிர்தராஜ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தெரியலம்மா," என்றான். "தெரிஞ்சா அவனைச் சும்மா விடக் கூடாது."