வக்கீலய்யா கையெழுத்துப் போடாத வாக்குமூலம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாக உதிக்கவில்லை. காலமான வக்கீலய்யாவுக்கு வக்கீல் சங்கம் போடும் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் கேட்டார்கள். மறுக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டேன். இப்படி ஆரம்பித்தேன்:

“போர்முனையில் துப்பாக்கி ஏந்திய கரங்களே நீதிமன்றத்தில் சட்டப் புத்தகம் ஏந்தி...”

சீ. எழுதிய கையை முதலில் கழுவ வேண்டும். அடித்துவிட்டேன்.

“அஞ்சாநெஞ்சர், ஏழைகளின்...”

இதுவும் வேண்டாம். விவரம் கேட்கலாமே என்று அவருடைய குமாஸ்தாவிடம் போனேன். முப்பது வருஷம் கூடவே இருந்தவர். போகாமல் இருந்திருந்தால் மலர் மணக்க மணக்க வந்திருக்கும்.

2

ஆகவே கதை குமாஸ்தாவினுடையது. (வக்கீலய்யாவை நாயகனாக்கிப் பார்த்தேன். மனுஷன் ஒவ்வொரு பத்தியிலும் வாய்தா கேட்கிறார்.)

குமாஸ்தாவுக்கு அன்று காலையிலிருந்தே எரிச்சல். வக்கீலய்யாவுக்கு இரங்கல் கூட்டம் என்று கோர்ட்டில் எல்லா வழக்கையும் தள்ளிவைத்துவிட்டார்கள். அதில் வக்கீலய்யாவே நடத்திய வழக்கும் ஒன்று. இருபத்தாறு வருஷம் இழுத்தது, அன்றைக்குத்தான் இறுதி வாதம். மனுஷன் செத்தும் வாய்தா வாங்கிவிட்டார்.

வழக்கு ஒரு சிப்பாயின் மனைவி போட்டது. சண்டையில் அவர்கள் காவல் நின்ற இடம் எதிரி கைக்குப் போனது. புருஷனின் உடல்கூடக் கிடைக்கவில்லை. பட்டாளத்துப் பதிவேட்டில் “காவலை விட்டு ஓடிப்போனவன்” என்று எழுதிவிட்டார்கள். அந்தச் சொல்லை அடிக்க வேண்டும். அந்த அம்மா கேட்டது அவ்வளவுதான். அதே இடத்தில் அவனோடு காவல் நின்றவர் வக்கீலய்யா. கூட நின்ற தோழனுக்காக இலவசமாக வாதாடுகிறாரே என்று ஊரே உருகும்.* இரங்கல் கூட்டத்தில் சங்கத் தலைவர் இதைச் சொல்லி மூக்கைச் சிந்தினார்.

* வாதாடுகிற வக்கீலே அந்த வழக்கில் சாட்சி சொல்ல முடியாது. சொல்வதென்றால் வழக்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் கூண்டேற வேண்டும். அடிக்குறிப்புதானே என்று தாண்டிவிடாதீர்கள், கதையே இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

3

ஒவ்வொரு வருஷமும் கோர்ட் விடுமுறை முடிந்ததும் வக்கீலய்யா ஒரு பிரமாண வாக்குமூலத்தை டைப் அடிக்கச் சொல்வார். வாசகம் மாறாது, அவர் வயது மட்டும் ஒன்று கூடும்.

“இவ்வழக்கிலிருந்து விலகி, சாட்சியாக நான் சொல்வது: காவலை விட்டு ஓடியவன் நான். திரும்பிப் பார்த்தபோது அவன் நின்ற இடத்திலேயே குண்டுபட்டு விழுந்தான். ஓடியது அவன் என்று அதிகாரியிடம் சொன்னவனும் நான்.”

குமாஸ்தா பேனாவைத் திறந்து நீட்டுவார். “அடுத்த வாய்தாவுக்குப் போட்டுடலாம்ப்பா” என்பார் வக்கீலய்யா. கையெழுத்தில்லாத தாள் கோர்ட்டில் வெறும் காகிதம். அது அலமாரிக்குள் போகும்.

(இங்கே அவருடைய மனப்போராட்டம் என்று ஒரு பக்கம் எழுதினேன். மழை, ஜன்னல், பெருமூச்சு எல்லாம் இருந்தது. கிழித்துப் போட்டேன். பயந்தாங்கொள்ளி, வேறென்ன? எனக்குக் கோபம்தான் வருகிறது.)

4

கூட்டம் முடிந்ததும் அந்த அம்மா ஆபீசுக்கு வந்தார். குமாஸ்தா வழக்குக் கட்டுகளுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். “இனி என் கேசு என்ன ஆகும் தம்பி?”

முடிவு அ: குமாஸ்தாவே கையெழுத்துப் போடுகிறார். வக்கீலய்யாவின் கையெழுத்தை வக்கீலய்யாவைவிட நன்றாகப் போடுவார். பாதி வக்காலத்து அவர் போட்டதுதான். உண்மைக்கு ஒரு கள்ளக் கையெழுத்து! எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. ஆனால் அப்படி நடக்கவில்லை.

முடிவு ஆ: எல்லாத் தாள்களையும் கொளுத்திவிடுகிறார். வக்கீலய்யாவுக்குச் சிலை வைக்கிறார்கள். அதுவும் நட...

நடந்தது இதுதான். ஒரு தாளை எடுத்து வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. “ஐயா மனசுக்குள்ள ரொம்பக் கஷ்டப்பட்டாரும்மா.”

“இருக்கும்.” அம்மா தாளை வாங்கித் தடவிப் பார்த்தார். “இத எப்ப அடிச்சீங்க?”

“போன வருஷம்.”

“மொத மொதல்ல?”

குமாஸ்தா நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

“கேக்குறேன்ல தம்பி.”

“இருபத்திரண்டு வருஷம் இருக்கும்மா.”

“அத்தன வருஷமா உங்களுக்கும் தெரியும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் டீ வாங்கிக் குடுத்து, ‘அடுத்த தடவ முடிஞ்சிடும்மா’ன்னு பஸ் ஏத்தி விட்டீங்களே.”

அழவில்லை. அழுதிருந்தால் குமாஸ்தா ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பார்.

“போனவரு இனிமே கூண்டேற மாட்டாரு. நீங்க ஏறுவீங்களா? இத அடிச்சது நான்தான்னு சொல்லுவீங்களா?”

5

குமாஸ்தா இதையெல்லாம் என்னிடம் கொட்டியது, “மலர்ல மட்டும் போட்டுடாதீங்க சார்” என்று கெஞ்சுவதற்குத்தான். கூண்டேறுவாரா என்று கேட்டேன். முட்டி வலி என்றார்.

நானும் லேசுப்பட்ட ஆளில்லை. மலருக்கு “அஞ்சாநெஞ்ச”ரைத் தூசி தட்டி அனுப்பிவிட்டு, இதற்குக் கதை என்று பெயர் வைத்துவிட்டேன். கதைக்கு யாரும் சம்மன் அனுப்ப மாட்டார்கள்.

அடுத்த விசாரணை வியாழக்கிழமை, பத்தரை மணிக்கு. அந்த அம்மா பத்து மணிக்கே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமலும் விடலாம், வாய்தாவுக்கா பஞ்சம்? விஷயம் குமாஸ்தாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். தெரியாதது நீதிபதிக்கு மட்டும்தான்.