நல்வரவு சொன்ன மடிக்கணினி

1

இந்தக் கதை பயத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மலேசியாவின் தங்காக்கில் துணிக்கடை வரிசையின் கடைசியில் கணினி பழுது பார்க்கிறேன். மீதி நேரத்தில் கதை எழுதுகிறேன். இன்று வெள்ளி. நேற்று மதியம் என் மேசையில் இருந்த ஒரு மடிக்கணினி, நான் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி எங்களுக்கு நல்வரவு கூறியது. அதற்குப் பிறகு கடைத் தொலைபேசி அடித்தால் எடுக்கத் தயங்குகிறேன்.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"டோரிஸ் கடைக்குள் நுழைந்தபோது மழை" (மழையே இல்லை. நல்ல வெயில்.)

"தான் திருடப்பட்டது ஒரு பொருளுக்குத் தெரி" (திருட்டு என்று யார் சொன்னது? அவசரப்படுகிறேன்.)

மூன்றாவதைக் காட்டமாட்டேன். அதில் உண்மைப் பெயர்கள் இருந்தன.

2

ஆகவே எனக்கு வரும் வழியில் போகிறேன்: விளக்குகிறேன்.

அந்த மடிக்கணினியைக் கொண்டுவந்த டோரிஸ் வீட்டிலிருந்தபடியே பதினான்கு பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்கு சொல்லித்தருகிறாள். அவளுடைய கணினியில் இருந்தது விண்டோஸ் பத்து. அதற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன.

"பேங்க் வேலையெல்லாம் இதுலதான் யுகேன் அண்ணே. பதினொன்னு போட முடியுமா, இல்ல தூக்கிப் போடணுமா?"

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முடியுமா என்பது ஒன்று. அனுமதி உண்டா என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு விடை வன்பொருளில் இருக்கிறது. பதினொன்றுக்கு ஓரளவு புதிய செயலி வேண்டும். ரகசியச் சாவிகளைக் காக்கும் சிறு பாதுகாப்புச் சில்லும் வேண்டும். இது 2018இல் வந்த கணினி. மயிரிழையில் தேறியது. இரண்டாவது, உரிமம். பலர் அதைக் கணினியின் அடியில் ஒட்டிய காகிதம் என்று நினைக்கிறார்கள். இப்போது அப்படியில்லை. கணினியின் தாய்ப்பலகையை விண்டோஸின் சேவையகம் அடையாளம் வைத்திருக்கிறது. அதே பலகையில் பத்திலிருந்து பதினொன்றுக்குப் போகப் புதிய உரிமம் தேவையில்லை.

(உரிமம், இந்தப் பலகையில் மென்பொருளை ஓட்டலாம் என்று மட்டுமே சொல்கிறது. பலகை யாருடையது என்று சொல்வதில்லை. இதை டோரிஸிடம் நான் விளக்கவில்லை. அப்போது தேவைப்படும் என்று தோன்றவில்லை.)

மேம்படுத்த இரண்டு வழிகள். பழையதன் மேலேயே ஏற்றலாம். அல்லது கோப்புகளைப் படியெடுத்துவிட்டு எல்லாவற்றையும் துடைத்து, புதிதாக நிறுவலாம். எனக்குத் துடைப்பதுதான் பிடிக்கும். சுத்தமான இயந்திரம் ஓடும் அழகே தனி. மேலே ஏற்றியிருந்தால் இந்தக் கதை இல்லை.

3

துடைத்தேன், நிறுவினேன், கடை வைஃபையின் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். திரை ஒருமுறை கறுத்து மீண்டது. கம்பெனியின் சின்னம். நல்வரவு. உங்கள் அலுவலக மின்னஞ்சலை உள்ளிடுங்கள்.

டோரிஸ் சிரித்தாள். "பாருங்கண்ணே, இன்டர்வியூ இல்லாமலே வேலை குடுத்துட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் அடையாளத்தை முன்கூட்டியே ஒரு பட்டியலில் பதிந்து வைப்பதுண்டு. துடைக்கப்பட்ட கணினி முதன்முதலில் இணையத்தைத் தொடும்போது, நான் யாருடையவன் என்று கேட்கிறது. பட்டியலில் இருந்தால் பதில் வந்துவிடும். பிறகு அந்த நிறுவனத்தின் ஊழியர்தான் உள்ளே போக முடியும். பழைய விண்டோஸை இணையம் இல்லாமல் நிறுவியிருந்தால் அன்று இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இரண்டு வருடங்களுக்கு முன் அதை நிறுவியவன் அவள் கணவன் ஷான்.

4

இந்த இடத்தில் என் பாத்திரத்தைச் சந்தேகிக்கத் தொடங்குகிறேன்.

ஷான் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். அலுவலகங்கள் கழிக்கும் கணினிகள் அங்கே வந்து குவியும். வார நாட்களில் எல்லைக்கு இந்தப் பக்கம் ஜொகூர் பாருவில் வாடகை அறை. சனிக்கிழமை வீட்டுக்கு வருவான். "பழசு, ஸ்டாஃபுக்குக் குடுத்தாங்க" என்று சொல்லித்தான் இதைக் கொண்டுவந்தான். நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் சிங்கப்பூர்ப் பாலம் தாண்டி வந்த கணினிதான். வீட்டு மனிதர் கொண்டுவந்த பொருளுக்கு யாரும் ரசீது கேட்பதில்லை.

கழித்த கணினியைப் பட்டியலிலிருந்து நீக்க மறந்துபோகும் நிறுவனங்களும் உண்டு. ஆகவே ஷான் நல்லவன். இப்படியே எழுதி முடித்திருப்பேன், அந்த அழைப்பு மட்டும் இல்லையென்றால்.

5

டோரிஸ் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினாள்.

"ஷான், அண்ணே கடையில இருக்கேன். லேப்டாப்புல ஏதோ கம்பெனி பேரு வருது லா."

பின்னால் ஃபோர்க்லிஃப்ட் பின்வாங்கும் ஓசை கேட்டது.

"வைஃபை குடுத்துட்டாங்களா?"

அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. எந்தக் கம்பெனி என்று அவன் கேட்கவில்லை.

"குடுத்தா என்னா?"

"ஒன்னுமில்ல. வைஃபை இல்லாம மறுபடி போடச் சொல்லு. அண்ணனுக்குத் தெரியும்."

"இது யாரோட லேப்டாப், ஷான்?"

"அலமாக்," என்று அலுத்துக்கொண்டான். "வேலை நேரத்துல இதுவா? சனிக்கிழமை பேசலாம்."

வைத்துவிட்டான். (நியாயமாக ஒன்று சொல்லவேண்டும்: இந்தத் தொழிலில் இருக்கும் நானும் அதே கேள்வியைத்தான் முதலில் கேட்டிருப்பேன்.)

6

அவன் சொன்ன வழி வேலை செய்யும். அரை மணி நேரம் போதும்; மாலை வகுப்புக்கு முன் தயாராகிவிடும்.

"வேணாம்ணே," என்றாள். "எப்பத் துடைச்சாலும் திரும்பி வருமில்ல? கம்பெனிக்கு எழுதினா பேர எடுத்துவிடுவாங்களா?"

"எடுக்கலாம். எப்படிக் கிடைச்சதுன்னு கேப்பாங்க."

"தப்பாக் கிடைச்சிருந்தா?"

"அவங்க போலீஸுக்குப் போகலாம்."

"அவரு சிங்கப்பூர் வேலை பெர்மிட்டு போயிரும்." நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இப்பவே கம்பெனிக்குத் தெரிஞ்சிருக்குமா?"

தெரியாது என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் விளக்குகிறவனுக்கு இதைவிடப் பயமான வாக்கியம் இல்லை.

"நீங்க கதை எழுதுறவரு. லெட்டர நீங்களே எழுதி வைங்க. சனிக்கிழமை வரைக்கும் அனுப்பாதீங்க."

7

முடிவுகள்:

அ) ஷான் முத்திரை குத்திய காகிதத்தோடு வருகிறான். மூவரும் சிரிக்கிறோம். (நம்ப ஆசை.)

ஆ) இணையமில்லாமல் நிறுவிக் கொடுக்கிறேன். டோரிஸ் கணக்குச் சொல்லித்தருகிறாள். இருவரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இ) சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்தில் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை

இதற்கு மேல் எழுத வரவில்லை.

8

இப்போது சனி மாலை. நடந்தது இதுதான்.

கடிதம் என் திரையில் இருந்தது. வரிசை எண் சரி. டோரிஸின் முகவரி சரி. "இந்தக் கணினி எங்களுக்குக் கிடைத்த விதம்" என்பதற்குப் பிறகு வெற்றிடம். ஷான் பையைக்கூட இறக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தான். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"நான் நல்லா இருக்கணும்னா இத மூடுங்கண்ணே," என்றான் என்னிடம்.

டோரிஸ் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். "குடுத்தாங்களா, எடுத்தியா? சொல்லு. நீ சொல்றத நான் அடிக்கிறேன்."

அவன் சொன்னான். எனக்குக் கேட்டது. அதை இங்கே எழுதினால் அது கதையாக இருக்காது, சாட்சியமாகிவிடும். அதனால் அந்தச் சொல்லை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எதைப் போட்டாலும் அதற்குப் பின் நடந்தது மாறாது. டோரிஸ் அதை அப்படியே அடித்தாள். ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். அனுப்பினாள்.