லிட்டருக்குப் பூஜ்யம் புள்ளி ஒன்று

ஒரு மணிக்கு உரிமக் குழுவின் கூட்டம். பதினொன்றரைக்கே சிக்ஸ்டன் மூடின் மாவட்ட அலுவலகத்துக்கு வந்து, இல்வா பிராண்டெலின் அறை வாசலில் நின்றார். ஸ்வீடனின் ஸ்மோலாந்துப் பகுதியில் பத்தொன்பது பேரை வைத்து நிக்கல் முலாம் பூசும் பட்டறை அவருடையது. ஒரு லாரி நிறுவனத்துக்குப் போகும் கொக்கிகள்தான் அங்கே பாதிக்கு மேல் வேலை. கழிவுநீர் ஏரிக்குப் போகிறது. அதில் எவ்வளவு நிக்கல் இருக்கலாம் என்று எழுதுவது இல்வாவின் வேலை. இருவருக்கும் பதினைந்து வருடப் பழக்கம்.

இப்போதைய வரம்பு லிட்டருக்கு அரை மில்லிகிராம். புதிய உரிமத்தின் வரைவில் இல்வா 0.1 என்று எழுதியிருந்தாள். பட்டறையின் தானியங்கிக் கருவி எடுத்த மாதிரிகளே நான்கு வாரம் தொடர்ந்து 0.08 காட்டியிருந்தன. செய்து காட்டியதைத்தானே கேட்கிறோம் என்பது அவள் வாதம்.

சிக்ஸ்டன் உட்காரவில்லை. ஆய்வகத் தாளை நீட்டினார். அதில் தேதி இல்லை, மாதிரி எண்கள் மட்டும். நேற்றுதான் பட்டறைப் பதிவேட்டோடு ஒப்பிட்டிருந்தார்.

"அந்த நாலு வாரம் எதுன்னு தெரியுமா? வருஷத்தோட இருபத்தெட்டாவது வாரத்துலேர்ந்து முப்பத்தொண்ணாவது வரைக்கும்."

இல்வா நாள்காட்டியைப் பார்க்கவில்லை. ஜூலை. கோடை விடுமுறைக்கு நாட்டில் பாதித் தொழிற்சாலைகள் மூடிக் கிடக்கும் வாரங்கள்; பட்டறையும்தான். ஒழுகும் குழாய்த் தண்ணீரைத்தான் கருவி எடுத்திருக்கிறது.

"நீ அப்ப எங்க இருந்த?" என்றார்.

"ஓலாந்துத் தீவுல. கூடாரத்துல."

"நான் படகுல. கருவி மட்டும்தான் ஒழுங்கா வேலை பார்த்திருக்கு."

வரைவுக்குக் கருத்துக் கேட்டபோதே ஏன் சொல்லவில்லை என்றாள். தானும் பார்க்காமல்தான் கையெழுத்துப் போட்டதாக அவர் ஒப்புக்கொண்டார். 0.1 வந்தால் வேலை நிற்காது, யாரும் அளக்காத ஊருக்குப் போகும். அதே நிக்கல் வேறோர் ஆற்றில் கலக்கும், கொக்கி மட்டும் லாரியேறித் திரும்பி வரும் என்றார்.

அது இல்வாவுக்கும் தெரியும். ஏரியின் அடிச்சேற்றில் வருடா வருடம் ஏறும் நிக்கலும் தெரியும். வரைவைத் திரும்பப் பெற்றால் மறுபடி அளக்க வசந்தம் வரை ஆகும். அதுவரை ஏரிக்கு அரை மில்லிகிராம்தான். அவர் போனபின் இரண்டு முறை காபி ஊற்றினாள், இரண்டு முறையும் குடிக்க மறந்து நடைபாதையில் நடந்தாள்.

ஒரு மணிக்குக் கூட்டத்தில் எழுந்து, எண் தவறு, காரணம் இது என்றாள். அலுவலகத்தில் யாரிடமும் நாள்காட்டி இல்லையா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். வரைவு திரும்பப் பெறப்பட்டது.

வண்டி நிறுத்துமிடத்தில் காத்திருந்த சிக்ஸ்டனிடம் சொன்னாள். அவர் நன்றி சொல்லாமல் கைபேசியை நீட்டினார். லாரி நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி திங்களன்றே எழுதியிருந்தாள்: வரைவைப் பார்த்தோம், ஜனவரி முதல் கொக்கிகளை வேறிடத்தில் வாங்குகிறோம்.

"அது வெறும் வரைவுதானே."

"நீங்க முடிவு பண்ற வரைக்கும் அவங்க காத்திருப்பாங்களா?"

"இதக் காலையிலயே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா, வேலைதான் எப்படியும் போயிடுச்சேன்னு வரைவ அப்படியே விட்டிருப்ப."

இல்வா கைபேசியை வாங்கி அந்தக் கடிதத்தை மறுபடி படித்தாள்.

உரிமம் வைத்திருப்பவரோடு மட்டுமே பேசுவது அலுவலக வழக்கம். அவரிடம் பொருள் வாங்குபவரை யாரும் அழைத்ததில்லை.

"அந்தம்மா நம்பரக் குடு."

அங்கேயே நின்று அழைத்தாள். எடுத்ததும் பெயரைச் சொல்லிவிட்டு, "அந்த வரைவு தப்பு," என்றாள். "எழுதினது நான்தான்."