கொளஞ்சி பிடுங்கிய கோரை

கோரை என்றால் குடியானவனுக்கு ஜென்மப் பகை. அதைப் போய் எவனாவது நடுவானா? சுப்புராயன் நட்டான். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி, ஜல்லி கொட்டி, ஏரிக் கோரையை வேரோடு கொண்டுவந்து நட்டு, கொட்டகை கழுவுகிற தண்ணீரை அதற்குள் திருப்பிவிட்டான். மறுமுனையில் ஒரு தொட்டி. அதில் தேங்குவதுதான் மிளகாய் நாற்றுக்கு. கிணற்றில் வாளி மொள்ளும் அளவே தண்ணீர் இருந்த வருஷம் அது. இந்தக் கூத்தைப் பார்த்து அவன் மனைவி கொளஞ்சியம்மாள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அப்புறம் இடஒதுக்கீட்டு மறியல் வந்தது. கள்ளக்குறிச்சி சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டவர்களோடு சுப்புராயனையும் பிடித்துக் கடலூர் சிறையில் அடைத்தார்கள். நிற்க வேண்டிய மரத்தைச் சாய்த்துவிட்டு, பிடுங்க வேண்டிய களையை வளர்த்த மனுஷனை என்னவென்று சொல்வது! கொளஞ்சிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. அவன் வருவதற்குள் நாற்று போய்விட்டால் அந்த வருஷம் வெள்ளாமையே கிடையாது.

தொட்டியில் தண்ணீர் கம்மியாகிக்கொண்டே வந்தது. கோரைதான் குடித்துவிடுகிறது என்று நினைத்து, அத்தனையையும் பிடுங்கி வரப்பில் எறிந்தாள். அடடா, தொட்டி நிறைந்துவிட்டது! கொஞ்சம் கருப்பாக இருந்தது, நாற்றமும் அடித்தது. சாணித் தண்ணீர்தானே, உரம்தானே என்று பாய்ச்சினாள். பாதி நாற்று வெந்ததுபோல் சுருண்டு விழுந்தது. தண்ணீரும் ஜாஸ்தி, உரமும் ஜாஸ்தி, பின்னே ஏன் சாகிறது? யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது.

அவனைப் பார்க்கக் கடலூருக்குப் போனாள். சிறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் தாடியோடு நின்ற சுப்புராயன், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. கோரை துளிர்த்திருக்கிறதா என்றுதான் கேட்டான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததையெல்லாம் கொட்டினாள்.

“களையப் புடுங்கனா பயிரு சாவுமா? இது எந்த ஊரு நாயங்க?” என்றாள்.

அவன் திட்டவில்லை. ஜல்லியும் கோரையும் சேர்ந்து அந்தத் தண்ணீரின் காட்டத்தை எடுத்துவிட்டுத்தான் தொட்டிக்கு விடுமாம். அப்படியே பாய்ச்சினால் நாற்று தாங்காதாம்.

“இத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா?”

“நீதான் சிரிச்சிக்கினே இருந்தியே” என்றான்.

வேர் எப்படிக் காட்டத்தை எடுக்கும் என்பது பஸ்ஸில் ஊர் வரும்வரை பிடிபடவில்லை. ஆனாலும் இறங்கினதும் நேராக ஏரிக்குப் போய்ச் சேற்றில் நின்று கோரை தோண்டினாள். மீதி நாற்றாவது பிழைக்க வேண்டுமே. பக்கத்துக் கொல்லைக்காரன் செல்லமுத்து, எதற்கு என்று கேட்டான். நடுவதற்கு என்றாள். அவன் சிரிக்க ஆரம்பித்தான்.

கொளஞ்சி வாயைத் திறந்தாள். என்னத்தைச் சொல்வது? மூடிக்கொண்டு அடுத்த வேரைத் தோண்டினாள். தன் புருஷனும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு நட்டிருக்கிறான் என்பது மட்டும் அப்போது புரிந்தது.