கரண்ட் போன நேரத்துச் சிரிப்பு

"நைனா, இன்னிக்கி ஒரு நாளு மட்டும் சிரிக்காத நைனா," என்று பிரீத்தி கெஞ்சினாள்.

திருப்பதியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். கல்லூரியில் உடன் படித்த ஹேமநாத்தை அவளுக்குப் பிடித்திருந்தது. அவனுடைய அம்மா பொன்னியம்மாள் சரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

நகரியில் விசைத்தறி ஓட்டும் அவள் அப்பா பச்சையப்பனுக்கு மெதுவாகப் பேச வராது. தறிச் சத்தத்தில் கத்தியே பழகியவர். சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"வாயில துண்ட வச்சிக்கினு குந்து," என்றாள் மனைவி ருக்மணி, பெருமாள் படத்தைக் கும்பிட்டபடியே.

வந்தவர்களுக்குப் பூர்வீகம் தமிழ்தான். திருப்பதியில் குடியேறி வீட்டுப் பேச்சு தெலுங்காகிவிட்டது. பொன்னியம்மாள் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கொட்டகையில் தறிகள் தடதடவென்று ஓடின.

பச்சையப்பன் ருக்மணியின் காதருகே குனிந்து, தறியை மிஞ்சும் குரலில் ரகசியம் பேசினார். "இந்தம்மா சிரிக்கவே சிரிக்காதா?"

அது தறிச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. அடுத்ததைச் சொல்ல அவர் வாயைத் திறந்தபோது கரண்ட் போய்த் தறிகள் நின்றன.

"கசாயம் குட்ச்ச மாதிரி குந்திக்கினு கீது!"

கூடம் முழுவதும் கேட்டது. காபித் தட்டோடு வந்த பிரீத்தி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ருக்மணி கண்களை மூடிக்கொண்டாள்.

பொன்னியம்மாளின் தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று எல்லோரும் பயந்தபோது, அவள் வெடித்துச் சிரித்தாள்.

"அய்யோ தேவுடா! 'அம்மா, நுவ்வு நவ்வொத்து, சிரிக்காத, நீ சிரிச்சா ஊரே கூடிடும்'னு சொல்லித்தாங்க இவன் என்னக் கூட்டினு வந்தான்!"

ஹேமநாத் தலையைக் குனிந்துகொண்டான். பச்சையப்பன் துண்டை வீசிவிட்டுச் சிரித்தார்.

பக்கத்துக் கொட்டகையில் தறி ஓட்டும் தனசேகர் சத்தம் கேட்டு ஓடி வந்தார். "இன்னா ரகள? சண்டையா?"

"சண்ட இல்ல அண்ணா, சிரிப்பு," என்றாள் பொன்னியம்மாள், கண்ணைத் துடைத்தபடி. "எங்க தெலுங்குல பகபகான்னு சிரிப்போம். சம்பந்தி கெக்கெக்கேன்னு சிரிக்கிறாரு. பெங்களூர்ல கீற எங்க நாத்தனார கேட்டா கன்னடத்துல கஹகஹன்னுவா."

"எதுல சிரிச்சாலும் வயிறு ஒரே மாதிரிதாம்மா நோவுது!" என்றார் தனசேகர்.

சம்பந்தி என்ற சொல் ருக்மணியின் காதில்தான் முதலில் விழுந்தது. அந்த அம்மாள் முகம் சுளித்து எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. பெருமாள் சில வேளை இப்படி ஒருவர் சிரிப்பிலும் வந்து காப்பாற்றுகிறார். ருக்மணி படத்தைப் பார்த்து இன்னொரு முறை கும்பிட்டாள்.

கரண்ட் வந்தது. தறிகள் மறுபடி ஓடின. பொன்னியம்மாள் பிரீத்தியை அருகே இழுத்து உட்காரவைத்து ஏதோ சொன்னாள்.

"இன்னாடி சொல்றாங்க?" என்று ருக்மணி கத்தினாள்.

பிரீத்தி முகம் சிவக்கத் திருப்பிக் கத்தினாள்: "காபி ஆறிப்போச்சாம்! கல்யாணத்தன்னிக்காவது சூடா குடுக்கணுமாம்!"