இரைச்சல் வந்த வழி

மருமகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கிய வாரத்தில்தான் மாமனாரின் அமெச்சூர் ரேடியோவில் அந்த இரைச்சல் புகுந்தது. தூரத்து நண்பர்களின் குரல்கள் அதில் மூழ்கிப்போயின.

"உன் கம்ப்யூட்டர் பண்ற வேலைம்மா இது," என்று அவளைக் கூடத்திலிருந்து பின்னாலிருந்த சாமான் அறைக்கு அனுப்பினார். இரைச்சல் குறையவில்லை. அங்கே ஓடிய மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னார். அவள் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு வேலை பார்த்தாள்.

இன்று அவள் அலுவலகம் போயிருந்தாள். இரைச்சல் மட்டும் போகவில்லை. அவர் ரேடியோவை பேட்டரியில் போட்டுவிட்டு, வீட்டு மெயினை அணைத்தார். இரைச்சல் நின்றது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். அவருடைய கம்ப்யூட்டர் சார்ஜரைச் செருகியதும் அது மறுபடி சீறியது. அவள் வீட்டில் வேலை தொடங்கிய அதே வாரத்தில் மலிவாகக் கிடைத்ததென்று அவர் வாங்கிய சார்ஜர். இரைச்சல் வந்தால் முதலில் உங்கள் மேசையைச் சந்தேகியுங்கள் என்று புதியவர்களுக்கு வானலையில் பாடம் எடுப்பவர் அவர்.

மாலையில் அவள் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்.

"என் சார்ஜர்தாம்மா. உன்னைப் போய்..."

"அட, திருடன் உங்க மடியிலயே உக்காந்திருந்தானா மாமா?" அவள் சிரித்தாள்.

அவரால் சிரிக்க முடியவில்லை. அவளுடைய மேசையைத் தானே தூக்கிக்கொண்டு கூடத்துக்கு நடந்தார்.

"இருக்கட்டும் மாமா. எனக்கு அங்கயே பழகிடுச்சு."

அவள் குரலில் துளியும் கோபமில்லை. மேசையைக் கீழே வைக்கவும் தோன்றாமல், அவர் கூடத்து வாசற்படியிலேயே நின்றார்.